இன்ஜினை இறக்கும் முன்: ஒரு டர்போ வண்டியின் எடைக் கணக்கு

விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டையைக் கொண்டுபோகிற விவசாயி எடை போடாமல் விலை பேசமாட்டார். முதலில் தராசு, பிறகு ஈரப்பதம், கடைசியில்தான் விலை. அதே விவசாயி, மகன் ஓட்டும் பழைய டீசல் காரைப் பட்டறையில் விட்டுவிட்டு நிற்கும்போது வரிசை தலைகீழாகிவிடுகிறது. "இன்ஜின் போச்சுண்ணா, இறக்கிப் பாத்துடலாம்" என்ற ஒரே வார்த்தைக்கு லட்ச ரூபாய் வேலைக்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார். அங்கே எதையும் யாரும் எடை போடவில்லை.

திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் வரையிலான 38 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடும் பழைய கார்களில் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் கொண்டவை ஏராளம். ஃபியட்டிடம் உரிமம் பெற்று மாருதி 2007-இல் ஸ்விஃப்ட்டில் கொண்டுவந்த இன்ஜின் அது. டிசையர், ரிட்ஸ் என்று பல வண்டிகளில் ஏறியது. டாடாவின் விஸ்டாவிலும் ஓடியது. பி.எஸ். 6 விதி வந்த 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார்களை நிறுத்திக்கொண்டது. ஆகவே இன்று கைமாறும் மாருதி டீசல் ஒவ்வொன்றும் சில வருடமாவது ஓடிய வண்டிதான். அதில் வாங்கியவர் வீட்டு வாசலிலேயே ஒரு டியூனிங் பெட்டியைச் செருகுகிறார், அல்லது ரீமேப் செய்துகொள்கிறார். இழுவை கூடுகிறது. சில மாதம் கழித்துப் புகை தள்ளுகிறது, பிக்கப் குறைகிறது, ஆயில் குடிக்கிறது. உள்ளே என்ன உடைந்தது என்று திறக்காமலே எவ்வளவு தூரம் தெரிந்துகொள்ளலாம், அதற்கு என்ன செலவாகும் என்பதுதான் இந்தக் கணக்கு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பேனர், லேத்து வேலைக் கூலி, பாகங்கள் ஆகியவற்றுக்குக் கீழே நான் போடும் ரூபாய்கள் கணக்கு ஓட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர்ப் பட்டறை சொல்லும் விலையை அந்த இடத்தில் போட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை மாறும், எதை முதலில் செய்வது என்ற வரிசை மாறாது.

முதல் பக்கம்: இன்ஜினின் அளவுகள்

சிலிண்டர்: 4
விட்டம்: 69.6 மி.மீ.
பிஸ்டன் ஓடும் தூரம்: 82 மி.மீ.
மொத்தக் கொள்ளளவு: 1,248 சி.சி.; ஒரு சிலிண்டருக்கு 312 சி.சி.
அமுக்க விகிதம்: 17.6-க்கு 1
ஸ்விஃப்ட்டில் திறன்: 75 குதிரைத்திறன், 4,000 சுற்றில்
இழுவை: 190 நியூட்டன் மீட்டர், 2,000 சுற்றில்

இவற்றிலிருந்து நாமே இரண்டு எண்களைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். பிஸ்டன் தலையின் பரப்பு 38 சதுர சென்டிமீட்டர். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 312-ஐ 16.6-ஆல் வகுத்தால் 18.8 சி.சி. இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீருக்கும் குறைவான இடம் அது. இந்த 18.8 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் மூன்று இடங்களில் அது தேவைப்படும்.

இரண்டாம் பக்கம்: பெட்டி கேட்கும் காற்று

பெட்டி போட்டால் 190 இழுவை 240 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 2,000 சுற்றில் 190 என்றால் 39.8 கிலோவாட். ஒரு கிலோவாட் மணிக்கு 215 கிராம் டீசல் என்று எடுத்தால் மணிக்கு 8.56 கிலோ. அந்தச் சுற்றில் நான்கு சிலிண்டரும் சேர்ந்து மணிக்கு 2,40,000 தடவை டீசல் பெறுகின்றன. ஒரு தடவைக்கு 35.7 மில்லிகிராம். 240 இழுவைக்கு அதே கணக்கைப் போட்டால் 45 மில்லிகிராம் வரும்.

டீசல் கரும்புகை இல்லாமல் எரிய, எடையில் அதைப்போல் 18 மடங்கு காற்றாவது வேண்டும். அதாவது 35.7-க்கு 642 மில்லிகிராம், 45-க்கு 810 மில்லிகிராம். கத்திரி வெயிலில் 40 டிகிரிச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.13 கிலோதான். 312 சி.சி. சிலிண்டர் டர்போ இல்லாமல் தானாக இழுக்கும் காற்று 352 மில்லிகிராம். ஆகவே,

190 இழுவைக்கு வேண்டிய காற்று: சாதாரணக் காற்றைப்போல் 1.82 மடங்கு
240 இழுவைக்கு வேண்டிய காற்று: 2.30 மடங்கு

டீசலை மட்டும் கூட்டி, காற்றைக் கூட்டாமல் விட்டால் 642-ஐ 45-ஆல் வகுத்து 14.3 வரும். அந்த நிலையில் கரும்புகை தவிர்க்க முடியாதது. எரியாத டீசல் எக்ஸாஸ்ட் பாதையில் சூடாக எரிகிறது, டர்போவின் விசிறிச் சக்கரம் அந்தச் சூட்டை வாங்குகிறது, சிலிண்டர் சுவரில் படிந்த டீசல் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. "புகை தள்ளுனா பவர் வருதுன்னு அர்த்தம்" என்று சொல்லும் பேச்சைக் கேட்காதீர்கள். புகையாக வெளியே போவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல்.

மூன்றாம் பக்கம்: வெயில்

காற்றை அமுக்கினால் சூடேறும். 40 டிகிரிக் காற்றை இரண்டு மடங்கு அமுக்கி, கம்ப்ரஸர் திறமை 70 சதவீதம் என்று வைத்தால் வெளிவரும் காற்று 138 டிகிரி. இரண்டரை மடங்கு அமுக்கினால் 174 டிகிரி. இன்டர்கூலர் இருந்து, அது 65 டிகிரிக்கு இறக்கினால்தான் 1.82 மடங்கு காற்றுக்கு 2 பார் அழுத்தமும், 2.30 மடங்குக்கு 2.5 பார் அழுத்தமும் போதும். இவை வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்த மொத்த அழுத்தங்கள். டேஷ்போர்டில் ஒட்டும் பூஸ்ட் மீட்டர் இவற்றை 1 என்றும் 1.5 என்றும் காட்டும். 14.5 பி.எஸ்.ஐ. சேர்ந்தது 1 பார்.

மார்கழிக் காலையில் 25 டிகிரியில் நன்றாக இழுத்த வண்டி, வைகாசி மதியத்தில் 40 டிகிரியில் மந்தமாவதில் ஒரு பங்கு இயற்கை. அந்த இரண்டு வேளைக்கும் நடுவே காற்றின் எடையில் 5 சதவீதம்தான் வித்தியாசம். இழுவை 5 சதவீதம் குறைந்தால் வெயில். 25 சதவீதம் குறைந்தால் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது.

நான்காம் பக்கம்: பிஸ்டன் தலையில் ஏறும் பாரம்

ஒரு பார் அழுத்தம் 38 சதுர சென்டிமீட்டர் பிஸ்டன் தலையில் ஏறக்குறைய 39 கிலோ எடை. 17.6 விகிதத்தில் அமுக்கும்போது, சூட்டையும் சேர்த்து, அழுத்தம் கணக்குப்படி 48 மடங்காகிறது. 2 பாரில் தொடங்கினால் 96 பார், 2.5 பாரில் தொடங்கினால் 120 பார். டீசல் தீப்பற்றுவதற்கு முன்பே 24 பார் கூடுதல், அதாவது ஒவ்வொரு பிஸ்டன் மேலும் 930 கிலோ கூடுதல் எடை. எரிதல் அதன்மேல் தனியாக ஏறும்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு அரை மணி நேரப் பயணத்தை 2,000 சுற்றில் ஓட்டினால் ஒவ்வொரு பிஸ்டனும் 30,000 அடி வாங்கும். வலது கால் முழுவதும் அழுத்தும் நேரத்தில் மட்டுமே முழுப் பாரம் விழும். ஆனாலும் கம்பெனி வைத்த உலோகத்தின் தாங்கும் மிச்சம் அந்தக் கணங்களில்தான் கரைகிறது. அலுமினிய சிலிக்கான் கலவைப் பிஸ்டன் 577 டிகிரியில் உருகத் தொடங்கும், அதற்கு வெகு முன்பே வலிமையை இழக்கும். உடைவது பெரும்பாலும் நான்கில் ஒன்று: பிஸ்டன் ரிங் உட்காரும் பள்ளம், எக்ஸாஸ்ட் வால்வு, ஹெட் கேஸ்கெட், கனெக்டிங் ராடு. இந்த நான்கையும் திறக்காமலே பிரித்துக் காட்டும் எண்கள் உண்டு.

ஐந்தாம் பக்கம்: சோதனைகளின் பட்டியல்

முதல் கட்டளை: டியூனிங் பெட்டியைக் கழற்றி, பழைய இணைப்பைச் செருகிவிட்டுத்தான் எந்த எண்ணையும் எடுக்க வேண்டும். பல பெட்டிகள் டீசல் ரெயில் அழுத்தத்தைச் சொல்லும் சென்சாரின் பேச்சை நடுவில் மறித்துக் குறைத்துச் சொல்பவை. கம்ப்யூட்டர் அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டுகிறது. பெட்டி 15 சதவீதம் குறைத்துச் சொன்னால், ஸ்கேனர் 1,000 பார் என்று காட்டும் வேளையில் உண்மையான அழுத்தம் 1,176 பார். கள்ளத் தராசில் நிறுத்த எடை எதற்கும் உதவாது.

இப்போது வரிசை. நேரத்தையும் செலவையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. கண், காது, மூக்கு: 30 நிமிடம், 0 ரூபாய்
2. டர்போ ஹோஸ், கிளாம்ப் கசிவு: 45 நிமிடம், 300 ரூபாய்
3. ஸ்கேனர்: 20 நிமிடம், 500 ரூபாய்
4. இன்ஜெக்டர் ரிட்டர்ன்: 30 நிமிடம், 700 ரூபாய்
5. கம்ப்ரஷன்: 2 மணி நேரம், 2,000 ரூபாய்
6. லீக்டவுன்: 1 மணி 30 நிமிடம், 1,500 ரூபாய்
7. குழாய்க் கேமராவால் சிலிண்டருக்குள் பார்த்தல்: 30 நிமிடம், 500 ரூபாய்
8. ஆயில் மாற்றி, ஃபில்டரை அறுத்துப் பார்த்தல்: 1 மணி நேரம், 2,500 ரூபாய்

மொத்தம் 7 மணி 5 நிமிடம், 8,000 ரூபாய். முதல் நான்கு மட்டும் 2 மணி 5 நிமிடம், 1,500 ரூபாய்.

முதல் சோதனை காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது. ஸ்டார்ட் செய்தவுடன் வரும் புகையின் நிறத்தைப் பாருங்கள். கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. விடாமல் வரும் வெள்ளைப்புகை என்றால் எரியாத டீசல் அல்லது கூலன்ட். ஆயில் மூடியைத் திறந்து ஐடிலில் விட்டு, பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்று, மூடியைத் தூக்கித் தள்ளுகிறதா என்று பாருங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் டீசலோ கூலன்ட்டோ கலந்திருக்கிறது. ஆறிய ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யும்போது தொடர்ந்து குமிழி வந்தால் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆயில் குடிக்கிறதா என்று தெரிய விழுப்புரம் திண்டிவனம் பாதையே நல்ல அளவுகோல். போய்வர 76 கிலோமீட்டர். 13 முறை போய்வந்தால் 988, ஏறக்குறைய ஆயிரம். தொடங்கும்போது மேல்கோட்டுக்கு ஊற்றி, ஆயிரத்தின் முடிவில் மறுபடி மேல்கோட்டைத் தொட எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்று எழுதுங்கள். "ஆயில் குடிக்குது" என்பது புலம்பல், "ஆயிரத்துக்கு 600 மில்லி" என்பது சாட்சி. அடுத்த ஆயிரத்தில் 600 அப்படியே நின்றால் தேய்மானம். 900 ஆகியிருந்தால் உடைசல் வளர்கிறது.

இரண்டாவது, டர்போவிலிருந்து இன்ஜின் வரையிலான குழாய்கள். வீட்டில் மாற்றிய வண்டிகளில் இழுவை குறைந்ததற்கு நழுவிய கிளாம்ப்பும் கிழிந்த ஹோஸும் காரணமாவது உண்டு. குழாயின் ஒரு வாயை மூடி, டயர் பம்பால் 1 பாருக்குள் காற்றடைத்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு நுரையாக வெளிவரும். குழாய் கழன்றிருக்கும்போதே டர்போவின் அச்சை விரலால் ஆட்டிப் பாருங்கள். நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றைத் தொடும் அச்சு அது. முன்னும் பின்னும் கைக்குத் தெரியும் ஆட்டம் இருக்கக்கூடாது, சக்கரம் கூட்டை உரசிய தடம் இருக்கக்கூடாது.

மூன்றாவது, ஸ்கேனர். சாவி போட்டு ஸ்டார்ட் செய்யாத நிலையில் பூஸ்ட் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். கடலுக்கு அருகிலுள்ள நம் மாவட்டத்தில் அது 1,010 மில்லிபார் சுற்றி வரும். வேறு எண் காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது. பிறகு சாலையில், கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்ட்டையும் உண்மையில் வந்த பூஸ்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 2,000 மில்லிபார் கேட்டு 1,500 வந்தால் காற்றுப் பாதையில் குறை. 2,000 கேட்டு 2,000 வந்தும் இழுவை இல்லையென்றால் காற்றைக் குற்றம் சொல்லாதீர்கள். டீசலுக்கோ சிலிண்டருக்கோ போங்கள்.

நான்காவது, இன்ஜெக்டர் ரிட்டர்ன். நான்கு இன்ஜெக்டரின் திரும்பு குழாயையும் நான்கு ஒரே அளவு பாட்டிலில் விட்டு, சில நிமிடம் ஐடிலில் ஓட்டுங்கள். நான்கும் ஒரே மட்டத்தில் நின்றால் நலம். ஒன்று மட்டும் மற்றவற்றைப்போல் இரண்டு மூன்று மடங்கு நிறைந்தால் அதுதான் குற்றவாளி. பெட்டி கூட்டிய அழுத்தத்தில் முதலில் தேய்வது இந்த ஊசிகள்தான். நாசில் சிந்தும் டீசல் ஒரே இடத்தில் எரிந்து பிஸ்டன் தலையை உருக்கும். அதனால் இந்தச் சோதனை மலிவு என்று தாண்டிப் போகக்கூடாது.

ஆறாம் பக்கம்: கம்ப்ரஷன் சொல்லும் கதை

குளோ பிளக்குகளைக் கழற்றி, டீசல் வராமல் துண்டித்து, முழு சார்ஜ் உள்ள பேட்டரியில் ஒவ்வொரு சிலிண்டரையும் ஒரே எண்ணிக்கைச் சுற்றுக்குச் சுழற்ற வேண்டும். கேஜ் 48 பார் காட்டாது. ஸ்டார்ட்டர் மோட்டார் மெதுவாகச் சுற்றுவதால் சூடும் காற்றும் தப்பிவிடும். டீசல் இன்ஜினில் பொதுவாக 25 முதல் 30 பார் சுற்றி வரும். அந்த எண்ணைவிட நான்குக்கும் இடையிலான வித்தியாசம் முக்கியம். சில மாதிரி வரிசைகள்:

29, 28, 29, 28: சிலிண்டர்கள் காற்றைப் பிடித்து நிற்கின்றன. இன்ஜினை இறக்கச் சொல்ல இந்த எண்களில் காரணம் இல்லை.
28, 20, 20, 29: பக்கத்துப் பக்கத்து இரண்டு குறைவு. நடுவிலுள்ள கேஸ்கெட் எரிந்திருக்கலாம். ஹெட் மட்டும் இறங்கும்.
21, 20, 21, 20: நான்கும் ஒரே குறைவு. முதலில் பேட்டரியை மாற்றி மறுபடி எடுங்கள். அப்படியே இருந்தால் பொதுத் தேய்மானம், அல்லது டைமிங் செயின் பிசகு.
29, 28, 19, 28: மூன்றாவது சிலிண்டரில் கசிவு. எங்கே என்று லீக்டவுன் சொல்லும்.
29, 29, 25.5, 29: இந்த வரிசையைப் பலர் "பரவாயில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். பூஸ்ட் கூட்டிய வண்டியில் இதுதான் மிகவும் கவனிக்க வேண்டியது.

பெட்ரோல் இன்ஜினில் பழகிய மெக்கானிக் சிலர், சந்தேகமான சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி கம்ப்ரஷன் பார்ப்பார்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. மாருதி 800-இல் இது பிழையில்லாத வழி. 796 சி.சி., 3 சிலிண்டர், 8.7 விகிதம், மேலே மிஞ்சும் இடம் 34 சி.சி. 5 மில்லி விட்டால் விகிதம் 10-ஐத் தொடும், அவ்வளவுதான். நம் டீசலில் இடம் 18.8 சி.சி. மட்டுமே. 5 மில்லி ஆயில் விட்டால் விகிதம் 17.6-லிருந்து 23.6. 10 மில்லி விட்டால் 36-ஐத் தாண்டும். ரிங் நல்லதா என்று பார்க்கப் போய் ராடை வளைத்துவிடலாம். டீசலில் இந்தச் சோதனை வேண்டாம்.

ஏழாம் பக்கம்: கசியாமலே குறையும் சிலிண்டர்

லீக்டவுனில் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, 7 பார் காற்றை உள்ளே விட்டு, எவ்வளவு தப்புகிறது என்று பார்க்கிறோம். 7 பார் என்றால் பிஸ்டன் மேல் 272 கிலோ. கிராங்க் அசையாமல் பூட்டிவிட்டுத்தான் காற்றைத் திறக்க வேண்டும், கை உள்ளே இருக்கக்கூடாது. 10 சதவீதம் வரை தப்பினால் நலம், 20 வரை தேய்மானம், 30-ஐத் தாண்டினால் உடைசல். பிறகு காது கொடுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. டிப்ஸ்டிக் குழாயில் சீறினால் ரிங் அல்லது பிஸ்டன். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல்.

25.5 பார் காட்டிய சிலிண்டரில் லீக்டவுன் வெறும் 8 சதவீதம் என்று வந்தால் என்ன பொருள்? காற்று தப்பவில்லை, ஆனாலும் அமுக்கம் குறைகிறது. பிஸ்டன் உச்சிவரை ஏறவில்லை என்பதுதான் விடை. ராடு வளைந்திருக்கிறது. கணக்கு இப்படி: ராடு அரை மி.மீ. குட்டையானால் மேலே 1.9 சி.சி. இடம் கூடும். 18.8 என்பது 20.7 ஆகும், விகிதம் 17.6-லிருந்து 16.1-க்கு இறங்கும், அழுத்தம் 12 சதவீதம் குறையும். 29-இல் 12 சதவீதம் போனால் 25.5. ஒரு மி.மீ. குட்டையானால் 21 சதவீதம் குறைந்து 23. கம்ப்ரஷனும் லீக்டவுனும் சேர்ந்து, ஓடும் இன்ஜினுக்குள் அரை மி.மீ. வளைவை வெளியிலிருந்தே காட்டிக்கொடுக்கின்றன. இந்த ராடு இன்று வண்டியை ஓட்டும். ஒருநாள் நெடுஞ்சாலையில் முறிந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

ராடு வளைய நம் மாவட்டத்தில் இரண்டு வழி. ஒன்று, குறைந்த சுற்றில் பெரிய கியரில் முழுப் பூஸ்ட்டில் இழுப்பது. மற்றொன்று, தண்ணீர். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்துச் சாலைகள் வெள்ளத்தில் நின்றன. கம்பெனி ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு பம்பர் அருகே கூம்பு ஃபில்டர் வைத்த வண்டி அந்தத் தண்ணீரில் போனால், காற்றோடு தண்ணீரையும் குடிக்கும். 18.8 சி.சி.க்கு மேல் தண்ணீர் ஒரு சிலிண்டரில் புகுந்தால் பிஸ்டனுக்கு மேலே போக இடமில்லை, தண்ணீர் அமுங்காது, ராடுதான் மடங்கும். பழைய வண்டி வாங்கும் யாரும் அந்த வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று கேட்டால் மட்டும் போதாது. கம்ப்ரஷன் எண்ணையும் கேளுங்கள்.

எட்டாம் பக்கம்: ஆயிலில் கிடக்கும் உலோகம்

பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புக் காகிதத்தை விரித்து, காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டும் துகள் இரும்பு: சிலிண்டர் சுவர், ரிங், கிராங்க். காந்தத்தில் ஒட்டாத வெள்ளித் துகள் அலுமினியம்: பிஸ்டன். மஞ்சள், செம்பு நிறம் பேரிங். ஆய்வகத்தில் கொடுத்தால் இதையே பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று எண்ணாகச் சொல்வார்கள். ரயில்வே டீசல் லோகோ ஷெட்கள் இன்ஜினைத் திறக்காமல் ஆயில் மாதிரியை நிறமாலைக் கருவியில் வைத்து எந்தப் பாகம் தேய்கிறது என்று கண்டுபிடிப்பது நெடுநாள் வழக்கம். விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1975-இல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கிய இன்றைய அரசுப் போக்குவரத்துக் கழகமும், ஒவ்வொரு பேருந்தும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தருகிறது என்று கணக்கு வைத்திருக்கிறது. அந்த எண் சரிந்தால் பேருந்தில் ஏதோ கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். பெரிய இன்ஜின்களைப் பராமரிப்பவர்கள் எண்ணை நம்பித்தான் ஸ்பேனரை எடுக்கிறார்கள். சின்னக் காருக்கும் அந்த மரியாதை உண்டு.

ஒன்பதாம் பக்கம்: இரண்டு ரசீது

அளக்காமல் இறக்கிய வண்டியின் ரசீது:

கேஸ்கெட் செட்: 8,000
பிஸ்டன், ரிங் நான்கு செட்: 20,000
பேரிங் செட்: 6,000
லேத்து வேலை: 15,000
டர்போ உள்பாகம்: 18,000
இன்ஜெக்டர் நான்கு, ரீகண்டிஷன்: 32,000
ஆயில், கூலன்ட், ஃபில்டர்: 5,000
கூலி: 20,000
மொத்தம்: 1,24,000 ரூபாய்

அளந்து பார்த்து, மூன்றாவது ராடு மட்டும் வளைந்தது, டர்போவும் இன்ஜெக்டரும் நலம் என்று கையில் எண்ணோடு இறக்கிய வண்டியின் ரசீது:

கேஸ்கெட் செட்: 8,000
ஒரு ராடு, ஒரு பிஸ்டன்: 8,000
பேரிங் செட்: 6,000
லேத்து வேலை: 6,000
ஆயில், கூலன்ட், ஃபில்டர்: 5,000
கூலி: 20,000
மொத்தம்: 53,000 ரூபாய்

வித்தியாசம் 71,000. அதைக் காட்டியது 8,000 ரூபாய்ச் சோதனை. 3 லட்சத்துக்கு விலைபோகும் வண்டியில் முதல் ரசீது 41 சதவீதம், இரண்டாவது சோதனைச் செலவையும் சேர்த்து 20 சதவீதம்.

திறந்து மூடுவதற்கு மட்டும் 25,000 என்று வைத்தால், 8,000 அதில் 32 சதவீதம். நூறு வண்டியில் 32 வண்டி திறக்க வேண்டியதில்லை என்று தெரிந்தாலே சோதனைச் செலவு திரும்பிவிடும். முதல் நான்கு சோதனையின் 1,500 ரூபாய்க்கு நூறில் 6 வண்டி தப்பினால் போதும். கிழிந்த ஹோஸும் தேய்ந்த இன்ஜெக்டரும் அபூர்வமானவை அல்ல.

பத்தாம் பக்கம்: சட்டம் எழுதும் வரி

கம்பெனி கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தம் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது. இன்ஜினின் உள் உடைசல், தேய்மானம் ஆகியவற்றுக்கு வழக்கமான வாகனக் காப்பீடு பணம் தராது. ஆகவே பூஸ்ட் கூட்டியதால் வரும் நட்டம் முழுவதும் வீட்டுப் பணம். பெட்டி வாங்கும் நாளில் அதன் விலையோடு இந்த வரியையும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பதுதான் நேர்மையான கணக்கு.

உயிர்க் கணக்கு ஒன்றும் உண்டு. டர்போவின் ஆயில் சீல் போனால் டீசல் இன்ஜின் தன் ஆயிலையே எரித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் வெறிபிடித்துச் சுற்றும். வண்டி நின்றிருந்தால், பிரேக்கை முழுவதும் மிதித்துப் பெரிய கியரில் போட்டு கிளட்ச்சை விட்டு அணைக்கப் பாருங்கள். முடியாவிட்டால் எல்லோரும் விலகி நில்லுங்கள். காற்றுக் குழாயில் கையை வைக்காதீர்கள். இன்ஜின் போனால் லட்சத்தோடு போகும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, கிலோமீட்டர், ஆயில் ஊற்றிய மில்லி, லிட்டருக்கு ஓடிய தூரம், ஐடிலில் வந்த புகையின் நிறம், நான்கு சிலிண்டரின் எண்கள். மாதம் ஒரு வரி எழுதினால் போதும். வண்டி பட்டறைக்குப் போகும் நாளில் அந்த நோட்டும் கூடப் போகட்டும். "இறக்கிப் பாத்துடலாம்" என்று யாராவது சொன்னால், "மூணாவது சிலிண்டர் 25.5, லீக்டவுன் எட்டு, ராடு மட்டும் பாருங்க" என்று சொல்ல உங்கள் கையில் எண் இருக்கும். மல்லாட்டைக்குத் தராசில் நின்று விலை பேசத் தெரிந்த ஊர், இன்ஜினுக்கும் அப்படியே பேசலாம்.